எஞ்சினை இறக்காமல் சேம்பர் பேக்கிங்

ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 0.05 மில்லி. எஞ்சின் ஓடும்போது 10 நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 18 மில்லி. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் வாடகை வண்டியாக இருந்தால் ஆறே நாளில் ஒரு லிட்டருக்கு மேல் ரோட்டுக்குப் போய்விடும். மொத்தமே ஐந்தாறு லிட்டர் பிடிக்கிற எஞ்சினுக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. இருந்தும் ஹைதராபாத்தில் வாரம் ஒரு பாட்டில் ஊற்றிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். கசிவு சேம்பர் பேக்கிங்கில் என்று தெரிந்ததுமே பட்டறையில் காதில் விழும் வார்த்தை அப்படி: “எஞ்சின் இறக்கணும்.” இறக்கினால் வண்டி மூன்று நாள் நிற்கும். கூலி, பேக்கிங் விலையைப்போலப் பல மடங்கு வரும். அதற்கு வாரம் ஒரு பாட்டில் ஆயில் மேல் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினை இறக்கவே வேண்டாம். எஞ்சினுக்கும் அதன் அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடம் கிடைத்தால் போதும். அந்த இடத்தைப் பிடிப்பது வடிவியல் சமாச்சாரம். பிடித்த இடத்தில் போட்ட பேக்கிங் ஐந்து வருடம் நிற்குமா, ஐந்து வாரத்தில் மறுபடி நனையுமா என்பது பொருளறிவியல். முதலாவதில் நம் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள். இரண்டாவதில்தான் அவசரம் நுழைந்து காரியத்தைக் கெடுக்கிறது.

சேம்பர் என்பது எஞ்சினின் அடியில் தொங்கும் ஆயில் தொட்டி. தகரத்தை அழுத்திச் செய்ததாகவோ அலுமினிய வார்ப்பாகவோ இருக்கும். மேலே பிளாக்கின் விளிம்பு, கீழே தொட்டியின் விளிம்பு, இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் பேக்கிங், சுற்றிலும் இருபது போல்ட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொட்டிக்குள் ஆயில் அழுத்தமே கிடையாது. ஆயில் பம்பு கொடுக்கும் மூன்று நான்கு பார் அழுத்தமெல்லாம் பிளாக்கின் உள்வழிகளிலும் பேரிங்குகளிலும் தீர்ந்துவிடுகிறது. அங்கிருந்து ஆயில் தன் எடையால் சொட்டித்தான் கீழே சேர்கிறது. வண்டி நிற்கும்போது ஆயில் மட்டம் பெரும்பாலும் அந்த விளிம்புக்குக் கீழேதான் இருக்கும். அப்படியானால் எது ஒழுகுகிறது?

ஒழுகுவது தெறிக்கும் ஆயில். கிராங்க் நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் முறை சுழலும்போது தொட்டியின் சுவர் முழுக்க ஆயில் வழிகிறது. அந்த ஆயிலும் சாதாரண ஆயில் இல்லை. 20டபிள்யூ-40 ரகத்தை எடுத்துக்கொண்டால் 40 டிகிரியில் இருக்கும் பாகுத்தன்மை 100 டிகிரியில் எட்டு ஒன்பது மடங்கு குறைந்துவிடுகிறது. காலையில் எட்டிப் பார்த்தபோது காய்ந்திருந்த விளிம்பு மேம்பாலங்கள் நாலு ஏறி இறங்கி வந்ததும் நனைந்திருப்பதன் காரணம் இதுதான். குளிர்ந்த ஆயில் நுழைய முடியாத இடுக்கில் சூடான ஆயில் நுழைந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. பிஸ்டன் ரிங்குகள் தேயத் தேய, எரிந்த புகையில் ஒரு பகுதி கீழே கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்ற பிரீதர் என்று ஒரு குழாய் இருக்கிறது. அது கரிபிடித்து அடைத்துக்கொண்டால் அறைக்குள் காற்று தேங்கும். வெறும் 5 கிலோபாஸ்கல் தேங்கினாலே அரை மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துவதற்குச் சமம். 40 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம் உள்ள சேம்பரை அது சுமார் 50 கிலோ விசையோடு கீழே தள்ளும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் ஆயில் தன் எடையால் கொடுக்கும் அழுத்தம் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றுகிறவர், அடுத்த கசிவுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, கழற்றுவதற்கு முன்னால் கசிவது பேக்கிங்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பட் கவரில் கிளம்பிய ஆயில் பிளாக்கின் பக்கமாக இறங்கி சேம்பர் விளிம்பில் ஒதுங்கி, பின்மூலையில் போய்ச் சொட்டும். பார்க்கிறவர் சேம்பரைக் குற்றம் சொல்வார். வழி எளிது: எஞ்சினை டீசல் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, விளிம்பு நெடுகப் பவுடர் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. பவுடரில் எது முதலில் நனைகிறதோ அதுதான் ஊற்றுக்கண்.

பழைய அம்பாசடரை வைத்துக்கொண்டு இன்றும் கொண்டாடுகிறவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி வடிவமைத்தது. கிராங்கின் பின்முனையில் இன்றைய வண்டிகளில் இருக்கும் ரப்பர் ஆயில் சீல் அதில் கிடையாது. தண்டின்மேல் மரைபோல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும். எனவே கிளட்ச் அறையின் அடித்துளையில் சில சொட்டு தெரிவது அந்த எஞ்சினின் கூடப்பிறந்த குணம். அதற்காகச் சேம்பர் பேக்கிங்கை மாற்றி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இனி வேலைக்கு வருவோம். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால் பல மாடல்களில் சைலன்சரின் முன் குழாயையும் ஒரு தகட்டையும் கழற்றினால் சேம்பர் கையோடு வந்துவிடும். சிக்கல் பொலேரோ, சுமோ வகையறாவில். சட்டகத்தின் மேல் பாடி, நீளவாட்டில் எஞ்சின், எஞ்சினுக்கு நேர் கீழே கிராஸ் மெம்பர். போல்ட்டு எல்லாம் கழன்றாலும் சேம்பரின் ஆழமான வயிறு அந்தச் சட்டத்தில் முட்டி நிற்கும்.

செகந்திராபாத் லாலாகுடா பக்கம் அப்படிப்பட்ட டீசல் வண்டி ஒன்றின் அடியில் படுத்திருந்த உஸ்தாதிடம் (மூத்த மெக்கானிக்) எஞ்சினை இறக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். தலையை வெளியே நீட்டாமலே “நக்கோ சாப்” (வேண்டாம் சார்) என்றார். அவர் செய்ததைப் பார்த்தபோது அந்தப் பதில் ஏன் அவ்வளவு சுருக்கமாக வந்தது என்று விளங்கியது. பேட்டரி வயரை எடுத்தார். ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் சைலன்சர் குழாயின் முதல் இணைப்பையும் தளர்த்தினார். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிப் பின்னால் தள்ளினார்; எஞ்சின் தூக்கும்போது ஃபேன் இறக்கை அதில் இடித்து உடைவது வழக்கம். பிறகு முன்பக்க மவுண்டிங் இரண்டின் நட்டையும் எடுத்துவிட்டு, எஞ்சினின் கொக்கியில் செயின் பிளாக்கை மாட்டிச் சங்கிலியை இழுக்கத் தொடங்கினார்.

கணக்கு இங்கேதான். கியர் பாக்ஸின் பின் மவுண்டிங்கைக் கழற்றவில்லை. எஞ்சின் அதையே அச்சாகக் கொண்டு முன்னால் மட்டும் நிமிர்கிறது. பின் மவுண்டிங்குக்கும் முன் மவுண்டிங்குக்கும் இடையே 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்னால் 4 சென்டிமீட்டர் தூக்கினால் எஞ்சின் சாய்வது இரண்டு டிகிரிக்கும் குறைவு. வயரும் ஹோஸும் அந்த அளவுக்குத் தாங்கும். ஆனால் பின் மவுண்டிங்கிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் சேம்பரின் பின்முனைக்குக் கிடைப்பது 1.7 சென்டிமீட்டர்தான். அதனால் சேம்பர் நேராக இறங்காது. முன்பக்கம் தாழ்த்தி, முன்னோக்கி நகர்த்தி, பிறகே பின்பக்கத்தை விடுவிக்க வேண்டும். இடம் போதவில்லை என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் அடுத்து வாங்க வேண்டியது ஹோஸும் வயரும்.

தூக்கிய எஞ்சினை உஸ்தாத் சங்கிலியை நம்பி விடவில்லை. மவுண்டிங் இடைவெளியில் மரக்கட்டைகளைச் செருகி, எஞ்சினின் எடையை அவற்றின்மேல் இறக்கினார். வண்டியும் ஜாக்கியின்மேல் நிற்கவில்லை, ஸ்டாண்டுகளின்மேல் நின்றது. இந்த இரண்டும் இல்லாத பட்டறையில் யார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சேம்பரின் அடியில் ஜாக்கி கொடுத்து எஞ்சினைத் தூக்குவதும் கூடாது. மெல்லிய தகரம் உள்வாங்கிவிடும். உள்வாங்கினால் ஸ்ட்ரெய்னரின் வாய்க்கும் தொட்டியின் தரைக்கும் இடையே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி குறைந்து, பம்பு வேகமாக இழுக்கும்போது ஆயில் போதாமல் பேரிங் தீய்ந்துபோகும். நம் காலனி ஸ்பீடு பிரேக்கர்கள் சேம்பருக்குச் செய்யும் கெடுதலும் இதுதான்.

போல்ட்டுகளை எடுத்ததும் சேம்பர் ஒரு சாண்கூட இறங்காமல் நின்றது. உள்ளே இரண்டு தடை. ஒன்று, கிராங்கின் எடைத்துண்டு. முன்புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கிராங்கைச் சுற்றி, முன்னால் இருக்கும் எடைத்துண்டு மேலே போகும்படி நிறுத்தினால் அது விலகிவிடும். இன்னொன்று, பம்பிலிருந்து தொங்கும் ஸ்ட்ரெய்னர் குழாய். உஸ்தாத் இடுக்கு வழியாகக் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே அதன் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரைச் சேம்பருக்குள்ளேயே விழவிட்டார். பிறகு இரண்டும் சேர்ந்து வெளியே வந்தன. திரும்ப மாட்டும்போதும் இதே வழிதான், தலைகீழாக. அப்போது ஸ்ட்ரெய்னர் குழாயின் மூட்டில் புது ரிங் போட மறந்தால் பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். கசிவை அடைக்கப் போய் எஞ்சினைக் கொன்ற கதைகளில் பாதி இந்த ஐந்து ரூபாய் ரிங்கில் தொடங்குகிறது.

கழற்றும் வேலை அத்துடன் முடிந்தது. இதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் பேக்கிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதையே பலர் பத்து நிமிடத்தில் முடிக்கிறார்கள்.

பேக்கிங் தானாக ஆயிலைத் தடுப்பதில்லை. இரண்டு விளிம்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உள்ளன. அந்தப் பள்ளங்களை நிரப்பும் அளவு பேக்கிங் இளக வேண்டும். அப்படி இளகிய பிறகும் இரு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும் அளவு விறைப்பும் வேண்டும். அந்தத் தள்ளும் விசைதான் தடுப்பு. ரப்பரை அழுத்தியபடியே பல மணி நேரம் சூட்டில் வைத்து, விட்டதும் எவ்வளவு மீளாமல் தங்கிவிடுகிறது என்று பரிசோதனைச் சாலையில் அளப்பார்கள். மீளாத பங்கு கூடக் கூடத் தள்ளும் விசை செத்துக்கொண்டே வருகிறது என்று பொருள். நைட்ரைல் ரப்பர் 100, 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் கெட்டிப்பட்டு அப்பளமாக உடையும். பழைய பேக்கிங்கை உரித்தெடுக்கும்போது துண்டு துண்டாக நொறுங்குவது அதனால்தான்.

கார்க் வேறு சாதி. போர்ச்சுகல் காடுகளில் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை அது. 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து, அறை அறையாக இருக்கிறதே என்று செல் என்ற பெயரை உயிரியலுக்குக் கொடுத்தது இந்தப் பட்டையைப் பார்த்துத்தான். அந்தக் காற்றறைகளின் புண்ணியத்தில் கார்க்கை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குவதில்லை. ரப்பர் அப்படி இல்லை. மேலே அமுக்கினால் பக்கத்தில் வழிந்தே தீரும். அதனால்தான் இரண்டையும் கலந்து செய்த பேக்கிங் நீண்ட காலம் கோலோச்சியது. கார்க்குக்கு ஒரு குறை, காய்ந்தால் சுருங்கும். பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும் ஹைதராபாத் மே மாதத்தில், கடையில் வருடக்கணக்கில் ஆணியில் தொங்கிய பேக்கிங்கின் ஓட்டை போல்ட்டு ஓட்டையோடு சேராது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். இழுத்து மாட்டினால் கிழியும்.

பேக்கிங்கே கிடைக்காத வண்டிகளும் உண்டு. நிஜாம் அரசின் ரயில்வே 1932-ல் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியபோது இருந்தவை 27 பேருந்துகள், 166 ஊழியர்கள். அந்த நாளில் இங்கே ஓடிய ஆல்பியன் பேருந்து கிளாஸ்கோவில் செய்தது. அந்த வயதுடைய எஞ்சினுக்கு இன்று பேக்கிங் வேண்டுமென்றால் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். செகந்திராபாத் ராணிகஞ்சிலும் கோட்டியை ஒட்டிய புத்லிபவுலியிலும் உதிரிபாகக் கடைகளைச் சுற்றிப் பழகியவர்களுக்கு அந்த முறை தெரியும். ஷீட்டை விளிம்பின்மேல் விரித்து, ஓரம் நெடுகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் இரும்பின் ஓரமே ஷீட்டை வெட்டிக் கொடுத்துவிடும். ஓட்டைக்குப் பஞ்ச். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய காலத்து ஷீட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். எஞ்சினிலிருந்து அதைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்ட வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

சுரண்டுவது என்றதும் கிரைண்டரில் எமரி டிஸ்க்கை மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். டிஸ்க்கிலிருந்து உதிரும் துகள் அலுமினியம் ஆக்சைடு. எஃகைவிடக் கடினமான அது கிராங்க் அறைக்குள் விழுந்து ஆயிலோடு பேரிங்குக்குப் போனால் அதை அரைத்துவிடும். பிளாஸ்டிக் அல்லது மழுங்கிய இரும்புச் சுரண்டியும் பொறுமையும் போதும்.

தகரச் சேம்பராக இருந்தால் விளிம்பை அப்படியே மாட்டிவிடக் கூடாது. முன்னால் மாட்டியவர் இறுக்கிய இறுக்கில் ஒவ்வொரு போல்ட்டு ஓட்டையும் மேலே பிதுங்கியிருக்கும். கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்த வேட்டி கிளிப்புகளுக்கு நடுவே தொய்வதுபோல, இரண்டு போல்ட்டுக்கு நடுவே தகரம் தாழ்ந்திருக்கும். ஆயில் வெளியேறுவது அந்தத் தொய்வில். ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்கினால் ஓட்டை மேலும் பிதுங்கி, தொய்வு மேலும் ஆழமாகும். விளிம்பைச் சமதளமான இரும்பின்மேல் வைத்து, பிதுங்கிய ஓட்டைகளைச் சுத்தியலால் தட்டி இறக்கி, இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிகிற இடம் நாளைக்கு ஆயில் தெரியப்போகிற இடம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர். கார்க்குக்கு அதிலும் குறைவு. 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் இது ஐந்து கிலோ விசைதான், மணிக்கட்டு வேலை. அந்த ஐந்து கிலோ, மரையின் சாய்வால் பெருகி, போல்ட்டை இழுக்கும்போது 800 கிலோவை ஒட்டிய விசையாகிறது. இருபது போல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 16 டன். தோள்பலம் காட்டுகிறவர் எதை நசுக்குகிறார் என்பதை இந்த எண் சொல்லும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இடம் வலம் மாற்றி, மூன்று சுற்றாக இறுக்குவது முறை. பிளாக்கில் போல்ட்டு ஓட்டைகளில் ஆயில் தேங்கியிருந்தால் துடைத்துவிட வேண்டும். மரையில் ஆயில் இருந்தால் அதே இறுக்கலில் விசை கூடிவிடும்.

மல்லாந்து படுத்துக்கொண்டு பேக்கிங்கை இடத்தில் நிறுத்துவது எப்படி? உஸ்தாத் தையல் நூலை எடுத்தார். பேக்கிங்கைச் சேம்பர் விளிம்பில் வைத்து, நான்கு மூலையிலும் போல்ட்டு ஓட்டை வழியாக நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். சேம்பரை மேலே ஏற்றி மற்ற போல்ட்டுகளை விரலால் பிடிக்கவிட்ட பிறகு நூலை அறுத்து இழுத்துக்கொண்டார். அவருடைய பையன் அதற்குள் அனபாண்ட் சிலிக்கோன் பசை டியூபைத் திறந்து வைத்திருந்தான். மூடி வைக்கச் சொல்லிவிட்டார்.

அது சரியான முடிவு. கார்க்கின்மேலோ வார்ப்பு ரப்பரின்மேலோ சிலிக்கோன் பூசினால் அது வழுக்கும் பூச்சாகி, இறுக்கும்போது பேக்கிங்கை வெளியே தள்ளிவிடும். முன்பின் பேரிங் மூடியோடு விளிம்பு சேரும் மூலைகளில் ஒரு பொட்டு வைத்தால் போதும். சிலிக்கோனுக்கு உரிய இடம் வேறு. இன்றைய பல எஞ்சின்களில் அலுமினியச் சேம்பருக்குப் பேக்கிங்கே இல்லை, பசைதான். வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினியச் சேம்பரும் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது, 40 சென்டிமீட்டர் நீளத்தில் அலுமினியம் 0.3 மில்லிமீட்டர் அதிகமாக விரிகிறது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று அந்த அளவு உராய்கின்றன. ஒட்டிக்கொண்டே நீளும் சிலிக்கோன் அந்த அசைவைத் தாங்கும்.

ஆனால் சிலிக்கோன் காய்வதற்கு வேண்டியது வெயில் இல்லை, ஈரம். காற்றிலுள்ள நீராவி உள்ளே ஊடுருவித்தான் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கெட்டிப்படுகின்றன. நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் என்பது நிதானம். ஆகஸ்டு மழையில் ஒரே இரவில் ஆகிற காரியம் மே மாத வறட்சியில் கூடுதல் நேரம் கேட்கும். வெயில் கொளுத்துகிறதே, சீக்கிரம் காய்ந்துவிடும் என்று மாலையிலேயே ஆயில் ஊற்றி ஓட்டினால், மேலே தோல் பிடித்து உள்ளே பச்சையாக இருக்கும் பசையை ஆயில் பிரித்துக்கொண்டு வந்துவிடும். பசை அளவும் முக்கியம். மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே கோடு, போல்ட்டு ஓட்டைகளுக்கு உள்பக்கமாக. தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கிய புழு அறுந்து விழுந்து ஸ்ட்ரெய்னரின் வலையில் போய் ஒட்டும்.

சேம்பரைக் கழற்றும் முன் வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டினால் கடைசியில் அது மூசி ஆற்றில் போய்ச் சேரும். 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது. ராணிகஞ்சு பக்கத்துப் பட்டறைகளில் டின்னில் சேர்த்து வைத்திருப்பார்கள், கொடுத்துவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சினை இறக்கியே ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. பிளாக்கின் விளிம்பே கீறியிருந்தால், உடைந்த போல்ட்டு மேல்மூலையில் டிரில் நுழையாத இடத்தில் சிக்கியிருந்தால், மவுண்டிங் பிராக்கெட்டே சேம்பர் போல்ட்டுகளை மறைத்துக்கொண்டிருந்தால் வேறு வழியில்லை. பின் ஆயில் சீல்தான் ஒழுகுகிறது என்றால் பல வண்டிகளில் கியர் பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும், சேம்பரைத் தொட வேண்டாம்.

மாட்டி முடித்த வண்டியை முதலில் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். புகை தள்ளிக்கொண்டு வந்தால் பிரீதரை மறந்துவிட்டோம். நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடேறி ஆறிய பிறகு, கார்க் பேக்கிங் என்றால் அடியில் படுத்து அதே 20 போல்ட்டையும் குறித்த அளவுக்கு ஒரு தடவை சரிபார்ப்பது அவசியம், ஏனென்றால் அதற்குள் அது கொஞ்சம் அமுங்கியிருக்கும். வார்ப்பு ரப்பருக்கும் சிலிக்கோனுக்கும் அது வேண்டாம். காய்ந்த சிலிக்கோனை மறுபடி இறுக்கினால் ஒட்டு விட்டுப்போகும்.